சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம்: பினாங்கா, பூக்கெட்டா, கரை தொடாத கடலா?

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு கப்பல் விளம்பரத்தைப் போட்டுவிடுவார்கள். நீச்சல்குளம், சறுக்கு, மேடை நிகழ்ச்சி, அடுக்கி வைத்த சாப்பாடு என்று படம் படமாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில் 'பினாங்கு, பூக்கெட்' என்றோ 'கோலாலம்பூர்' என்றோ ஒரு வரி. படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். கப்பல்கள் எல்லாமே ஏறத்தாழ நன்றாகத்தான் இருக்கின்றன. எந்தத் துறையில் நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, நாம் எப்படிக் கரையிறங்குகிறோம், இந்த மூன்றில்தான் பயணத்துக்குப் பயணம் வித்தியாசம். இங்கே ஒப்பிடுவதும் அதை வைத்துத்தான்.

எங்கள் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று தெரியும். முழங்கால் தேய்ந்த மாமியார், ஓரிடத்தில் நிற்காத தொடக்கப்பள்ளிப் பையன், ஹெட்போனைக் கழற்றாத உயர்நிலைப்பள்ளிப் பெண், நாங்கள் இருவர். மாமியார் சுத்த சைவம். இப்படி மூன்று தலைமுறையாகக் கிளம்பும் வீட்டுக்குக் கப்பல் வசதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாங்கிக்குப் போய் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டாம். மரினா சவுத் பியர் எம்ஆர்டியில் இறங்கினால் மரினா பே கப்பல் முனையம் பக்கத்திலேயே இருக்கிறது. அறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை லிப்ட். பெரியவர்களுக்கு அசதி வந்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் நிகழ்ச்சியைப் பார்க்கலாம். பேருந்துச் சுற்றுலாவில் இது நடக்காது.

சரி, துறைகளுக்கு வருவோம். பினாங்கில் ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்துக் குறும்பயணங்களில் கப்பல் நேராக ஊருக்குள்ளேயே வந்து நிற்கும் இடம் அதுதான். சுவெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ் டவுனின் விளிம்பில் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் விக்டோரியா மகாராணி பெயரில் கட்டிய மணிக்கூண்டு, அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து மெல்ல நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் லெபு பாசார் பக்கம், அதாவது அங்குள்ள லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடலாம். டாக்சிக்காரரோடு பேரம் கிடையாது, சுற்றுலா பஸ்சுக்கு வரிசையும் கிடையாது. மாமியாருக்கு நடக்க முடியவில்லை என்றால் கிராப் கூப்பிட்டால் போதும், சில வெள்ளியோடு முடிந்துவிடும்.

அந்தச் சில தெருக்களுக்குள் பார்க்க நிறைய இருக்கிறது. குயீன் ஸ்திரீட்டில் 1833ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். ஒரு தெரு தாண்டினால் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா. நம் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் ஒன்று இருக்கிறதே, அதே நாகூர் ஆண்டவருக்குத்தான். கடல் தாண்டி வந்தவர்கள் கரையேறிய ஊர்களில் எல்லாம் அவருக்கு ஓரிடம் வைத்துவிட்டார்கள். மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ 2008ல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரில் இடித்துக் கட்டியதை அங்கே அப்படியே விட்டு வைத்திருப்பதுபோல் இருக்கும், பெரியவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நாசி கண்டார் கடையில் குழம்பு மேல் குழம்பாக ஊற்றி வாங்கும் காட்சி பிள்ளைகளுக்கே ஒரு வேடிக்கைதான். சைவக்காரர்களுக்கு லெபு பாசார் பக்கம் வாழையிலைச் சாப்பாடு உண்டு.

பினாங்குக்குப் பணம் கட்டும்முன் ஒன்று பாருங்கள்: கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது? காலையிலேயே வந்து மாலை கிளம்பும் பயணமும் உண்டு, மதியம் தாண்டி வந்து இரவில் கிளம்புவதும் உண்டு. நடுப்பகலில் வந்து இறங்கினால் கோயில் நடை சாத்தியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். மதியத்துக்கு மேல் வரும் கப்பல்தான் நல்லது என்பது என் எண்ணம். மாலை நடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும், கடைத்தெருவும் விளக்குப் போட்ட பிறகுதான் களைகட்டும். ஆனால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் போக வேண்டும் என்பவர்களுக்குக் காலைக் கப்பல்தான் சரி. 513 படி, உச்சிவெயிலில் ஏற முடியாது. பினாங்கு மலை ரயில், கெக் லோக் சி கோயில், தண்ணீர்மலை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கிறோம் என்று எந்த முகவராவது சொன்னால் நம்பாதீர்கள். கப்பல் வந்த நாளில் மலை ரயில் வரிசை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லமாட்டார்.

இந்த வழித்தடம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1926ல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்றுதான் வந்துகொண்டிருந்தது. அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். பினாங்குத் துறைமேடைக்கும் அதே வெள்ளைக்கார ஆளுநரின் பெயர்தான். மேல்தளத்தில் பாயை விரித்து, கட்டுச்சோறோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பால்கனி அறைக்கு எவ்வளவு கூடுதல் என்று விசாரிக்கிறோம். வீட்டில் ரஜூலா கதை சொல்லக்கூடிய பெரியவர் யாராவது இருந்தால், மலாக்கா நீரிணையில் போகும் அந்த ஓர் இரவுக்காகவே அவரைக் கூட்டிப் போகலாம்.

கிள்ளான் துறைமுகம் வேறு கதை. விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்றுதான் போடுவார்கள். கப்பல் நிற்பதோ புலாவ் இண்டா தீவில். அங்கிருந்து கோலாலம்பூர் நகரத்துக்குச் சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசலில் இன்னும் கூடும். பத்துமலை அதற்கும் அப்பால். 272 படி ஏறி இறங்க வேண்டும், 42.7 மீட்டர் முருகன் சிலை முன்னால் எல்லோரும் படம் எடுக்க வேண்டும், திரும்பி வரும் வழியில் நெரிசல் எப்படியோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கப்பல் நிற்கும் நேரத்தில் பாதி பஸ்சிலேயே போய்விடும். கோலாலம்பூர் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறுங்கள், சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் நிறுத்தி ஐந்தாறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். கப்பலில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்ற அவசியமே இல்லாத ஊர் அது.

ஆனாலும் கிள்ளான் பயணத்தை நான் ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் அது இரண்டு, மூன்று இரவில் முடிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் அளவுக்குத்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்களுக்கு இது வசதி. போனால் கோலாலம்பூர் ஆசையை விட்டுவிட்டு, கிள்ளான் ஊரில் ஜாலான் தெங்கு கெலானா லிட்டில் இந்தியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூரம் குறைவு, புடவைக் கடையும் பலகாரக் கடையும் உண்டு, தீபாவளிக்கு முன்னால் போனால் தெருவே திருவிழாவாக இருக்கும். அல்லது கப்பலை விட்டே இறங்காதீர்கள். பாதிப் பேர் கரைக்குப் போன பகலில் சறுக்கிலும் குளத்திலும் வரிசையே இருக்காது. கட்டணம் கட்டிய கப்பலை உருப்படியாக அனுபவிப்பது அந்தச் சில மணி நேரத்தில்தான். எங்கள் பையனைக் கேட்டால் பயணம் முழுவதிலும் நல்ல நாள் அதுதான் என்பான்.

பூக்கெட் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். பெரிய கப்பல்கள் பல நேரம் படோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். கரைக்குப் போகச் சிறு படகு. முதலில் வரிசை எண் வாங்கி, எண் கூப்பிடும்வரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் கப்பலின் அடித்தளத்துக் கதவு வழியாகப் படகில் கால் வைக்க வேண்டும். படகின் விளிம்பு ஓர் அலைக்கு மேலே வரும், அடுத்த அலைக்குக் கீழே போகும். இரண்டு பக்கமும் மாலுமிகள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, சமமாக வரும் அந்த ஒரு நொடியில் 'இப்போது' என்பார்கள். தயங்கினால் அடுத்த அலைவரை காத்திருக்க வேண்டும். இளவட்டங்களுக்கு இது விளையாட்டு. முழங்கால் மடங்காதவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை, அலை கொஞ்சம் இருந்தாலே, படகில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். அவர்கள் பாதுகாப்புக்குத்தான், ஆனால் முன்கூட்டியே தெரியாமல் போய் அங்கே நின்று ஏமாறுவது கொடுமை. உங்கள் பயணத்தில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்குமா, படகில்தான் இறக்குவார்களா என்று முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பூக்கெட்டின் தென்கிழக்கே ஆழ்கடல் துறைமுகமும் இருக்கிறது, அங்கே ஒட்டி நிற்கும் பயணங்களும் உண்டு.

மாதமும் முக்கியம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பூக்கெட்டின் மேற்குக் கரையில் நேராக வந்து மோதும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும் மாதங்கள் அவை. அலை அதிகமானால் படகு விடமாட்டார்கள், கப்பல் நிற்காமலே போய்விடும். அப்படிப் போனால் துறைமுகக் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம், பயணக் கட்டணத்தில் கைவைக்க முடியாது, ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் வைத்திருப்பார்கள். நம் ஜூன் விடுமுறை சரியாக இந்தப் பருவத்தில் விழுகிறது. ஆக, பூக்கெட் என்றால் டிசம்பர். அந்த மாதத்தில் அங்கே கடல் தகடுபோல் கிடக்கும், வெயிலும் இதமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர் வியட்நாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும். எவ்வளவு பெரிய கப்பலானாலும் ஆடும். நீளப் பயணங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கிள்ளானில் சொன்ன குறையே அங்கே இரட்டிப்பு. 'ஹோ சி மின் நகரம்' என்று போட்டிருந்தால் பெரிய கப்பல்கள் நிற்பது பெரும்பாலும் ஃபூ மீ பக்கம், ஊருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். 'பேங்காக்' என்றால் லேம் சபாங், அதுவும் அப்படித்தான். ஹோ சி மின் நகரத்தில் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, வியட்நாமியர்களே வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். அதைப் பார்க்கும் ஆசை இருந்தால் விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள்.

எங்குமே நிற்காத பயணம் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். 'காசைக் கொடுத்துக் கடலைச் சுற்றி வரவா?' என்று. 2020ன் கடைசியில், எல்லைகள் மூடியிருந்தபோது, சிங்கப்பூரில் இப்படித்தான் கப்பல்கள் மறுபடி கிளம்பின. அப்போது வேறு வழியில்லாமல் போனோம், இப்போது வேண்டுமென்றே போகலாம். டிஸ்னி அட்வென்ச்சர் கப்பல் சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவு என்று போகிறது, வழியில் துறை எதுவும் கிடையாது. கப்பலே ஊர் என்பதுதான் அதன் கணக்கு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது ஒன்றும் மோசமில்லை. வழியில் எங்கும் கடப்பிதழை நீட்டி வரிசையில் நிற்க வேண்டாம், 'ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும்' என்ற பதற்றம் கிடையாது, மதியத் தூக்கம் கெடாது. ஆனால் கார்ட்டூன் பாத்திரங்களில் ஆர்வமில்லாத பெரியவர்களுக்கு மூன்றாம் நாள் நடைபாதையை அளந்துகொண்டிருப்பதுதான் வேலையாக இருக்கும். என் மாமியாரை அங்கே நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வெறுமனே கடல்காற்று வாங்க வேண்டும் என்பவர்களுக்கு மரினா சவுத் பியரிலிருந்தே குசு தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் படகு இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் மாலையில் திரும்பிவிடலாம். கப்பல் செலவு மிச்சம்.

கப்பலைப் பற்றியும் கொஞ்சம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் எல்லாம் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை: கடலுக்கு மேலே தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு, காற்றில் நம்மை மிதக்க வைக்கும் குழாய், பம்பர் கார். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான். 2016ல் கட்டிய ஜென்டிங் ட்ரீமில் சாப்பாடு நம் பக்கத்துக்கு நெருக்கம், ஹலால் சமையலும் இந்திய சைவமும் உண்டு. புரட்டாசி விரதக்காரர்களும் முஸ்லிம் நண்பர்களும் சேர்ந்து போகும் கூட்டத்துக்கு அது நிம்மதி. ராயல் கரீபியனிலும் இந்தியச் சைவம் கிடைக்கும், முன்பதிவின்போதே சொல்லிவைத்தால் இரவுச் சாப்பாட்டு மேசையில் தலைமைப் பரிமாறுபவரே வந்து கேட்டுவிட்டுப் போவார். எந்தக் கப்பல் எந்த மாதம் இங்கே இருக்கும், எந்தத் துறைக்குப் போகும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். போன வருடம் போனவர் சொன்னதை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

அறையில் சிக்கனம் பிடிக்கலாமா? துறைகள் உள்ள பயணத்தில் பிடிக்கலாம். ஜன்னலில்லாத உள்ளறை தூங்கப் போதும், பகலெல்லாம் வெளியில்தானே. எங்கும் நிற்காத பயணத்தில் மட்டும் பால்கனிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. தலைசுற்றல் பயம் இருந்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மலாக்கா நீரிணையில் பொதுவாக ஆட்டம் குறைவு.

விலையில் ஏமாறுவதற்கு இடம் அதிகம். விளம்பர விலை ஒரு ஆளுக்கு, அதுவும் அறைக்கு இருவர் என்ற கணக்கில். அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி. அப்புறம் சேவைக் கட்டணம்: ராயல் கரீபியனில் ஆளுக்கு ஓர் இரவுக்குச் சுமார் 18 அமெரிக்க வெள்ளி, பிள்ளைகளுக்கும் சேர்த்து. நாலு பேர் மூன்று இரவு என்றால் அதுவே 200 அமெரிக்க வெள்ளியைத் தாண்டும். வைஃபை தனி, குளிர்பானம் தனி, கரைச் சுற்றுலா தனி. இந்தக் கடைசிச் செலவில்தான் துறைகளுக்குள் பெரிய வேறுபாடு. பினாங்கில் நடந்தே சுற்றினால் மதியச் சாப்பாட்டோடு முடிந்தது. கிள்ளானிலும் பூக்கெட்டிலும் ஐந்து பேருக்கு வண்டி பிடித்தே ஆக வேண்டும். விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்த பயணம் இங்கேதான் விலை ஏறும்.

தனியாக வண்டி பிடித்துப் போனால் கப்பல் உங்களுக்காக நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால்தான் காத்திருக்கும். பூக்கெட்டில் கைப்பேசி ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், கப்பலோ தன் நேரத்தையே வைத்திருக்கலாம். ஊருக்குள் இறங்கும்முன் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

காகித விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், அவர்களையும் கூட்டிப் போகலாம் என்று தோன்றும். கப்பல் ஏறினால் அவர்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு, எங்குமே நிற்காத பயணத்துக்கும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தால் திரும்பி வரும்போது முனையத்திலேயே சிக்கல். முதலில் விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா பாருங்கள், பிறகு போகும் நாட்டின் விதியைப் பாருங்கள். வியட்நாமுக்கு சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், இந்தியக் கடப்பிதழுக்கு வேண்டும். எல்லோருடைய கடப்பிதழும் ஆறு மாதத்துக்குமேல் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையையும், 24 வாரம் ஆன கர்ப்பிணியையும் பொதுவாக ஏற்றமாட்டார்கள்.

பினாங்கைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி வரும்: ஒன்றரை மணி நேர விமானத்தில் போகலாமே? பினாங்கு மட்டும்தான் குறி என்றால் விமானம்தான் சரி. இரண்டு நாள் தங்கி, மலையும் படிகளும் நிதானமாகப் பார்க்கலாம். கப்பலில் போவது, ஊர் பாதி, கடல் பாதி என்று நினைப்பவர்களுக்கு.

எங்கள் வீட்டில் டிசம்பருக்கு நாலு இரவு, பினாங்கும் பூக்கெட்டும் உள்ள பயணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. பூக்கெட்டில் படகு என்றால் மாமியார் கப்பலிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார், பினாங்கில் அம்மனைப் பார்த்துவிட்டால் அவருக்குப் போதுமாம். அவருக்குத் துணை யார் இருப்பது என்பதில்தான் பெண்ணுக்கும் பையனுக்கும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பையனுக்கு டிஸ்னி ஆசை போகவில்லை. அதை ஜூனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம். அந்த மாதத்தில் பூக்கெட் கரை நிச்சயமில்லை என்பதால், கரையே இல்லாத பயணம் அப்போது கணக்குக்குச் சரியாகத்தான் வருகிறது.